உடைந்த போல்ட்டின் சாட்சியம்

லூதியானாவில் ஒரு சிறு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். அதிக வலுவுள்ள எஃகு போல்ட்டுகளுக்குத் துத்தநாக முலாம் பூசிப் பளபளவென்று அனுப்பிவைக்கிறார்கள். பொருத்திய மறுநாளே சில போல்ட்டுகள் பட்டென்று முறிகின்றன. சரக்கு திரும்பி வருகிறது. எஃகு மட்டம் என்கிறார் ஒருவர். முறுக்கியவன் மீது பழி போடுகிறார் மற்றவர். அடுத்த ஆர்டர் கிடைக்குமா என்பது பட்டறைக்காரரின் கவலை.

முறிந்த பரப்பை ஸ்கேனிங் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இந்தச் சண்டைக்கு வேலையில்லை. பளு தாங்காமல் இழுபட்டு அறுந்திருந்தால் நுண்ணிய குழிகள் தெரியும். தொடர்ந்த அதிர்வில் களைத்து முறிந்திருந்தால், மணலில் அலை விட்டுச்சென்றது போன்ற வரிகள். கற்கண்டை உடைத்தது போன்ற தோற்றம் என்றால், விரிசல் உலோக மணிகளின் ஓரமாகவே ஓடியிருக்கிறது. முலாம் பூசிய எஃகில் இப்படி நேர்ந்தால் முதல் சந்தேகம் ஹைட்ரஜன் மீதுதான். அமிலத்தில் கழுவும்போதும் முலாம் பூசும்போதும் அது எஃகுக்குள் புகுந்துவிடுகிறது. தடுக்கும் வழி எளிது. முலாம் பூசிய கையோடு சுமார் 200 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் உலையில் வைத்தால் போதும்.

சாதாரண மைக்ராஸ்கோப்புக்கு ஒளியே எல்லை வகுத்துவிடுகிறது. சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. ஒளிக்குப் பதில் எலெக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தி 1931இல் பெர்லினில் வழி திறந்தவர்கள் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும். ருஸ்காவுக்கு நோபல் பரிசு வந்துசேர 1986 ஆயிற்று. இந்தியா அதுவரை காத்திருக்கவில்லை. கல்கத்தாவில் நீரஜ்நாத் தாஸ்குப்தா 1940களிலேயே இக்கருவியை உருவாக்கினார். 2020இல் நாட்டின் முதல் கோவிட் நோயாளியின் தொண்டைச் சளியில் கொரோனா வைரஸைப் படம்பிடித்ததும் புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்தான். அதில் ஒரு வைரஸின் அளவு 75 நானோமீட்டர்.

கோடிகளில் விலைபோகும் கருவியைப் பட்டறைக்காரர் வாங்க முடியாது. வாங்கவும் தேவையில்லை. பல்கலைக்கழகங்களிலும் ஐ.ஐ.டி.களிலும் பொதுக் கருவி மையங்களை மத்திய அரசு 1970களிலேயே அமைக்கத் தொடங்கியது. சண்டீகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஒன்று இருக்கிறது. லூதியானாவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். வெளியார் கொண்டுவரும் மாதிரிகளையும் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துத் தருவார்கள். எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேட, 2020இல் ஐ-ஸ்டெம் என்ற இணையதளமும் வந்தது.

கதவு திறந்திருக்கிறது. ஆனால் பட்டறைக்காரர் படியேறத் தயங்குகிறார். துணிந்து போனாலும் கைக்கு வருவது சில கறுப்பு வெள்ளைப் படங்களும் ஆங்கிலத்தில் நாலு வரியும். ஆய்வு மாணவருக்கு அது போதும், கட்டுரை எழுதிவிடுவார். பட்டறைக்காரருக்குத் தெரிய வேண்டியது வேறு: குற்றம் எஃகிலா, முலாமிலா, முறுக்கிய கையிலா? நாளை முதல் எதை மாற்ற வேண்டும்?

மையங்கள் இதையும் தங்கள் வேலையாகக் கொள்ள வேண்டும். பரிசோதனை முடிவோடு, காரணமும் பரிகாரமும் சொல்லும் ஒரு பக்கம் போதும். சண்டீகரில் பஞ்சாபியில், சென்னையில் தமிழில். கோடிகளைக் கொட்டிய அரசுக்கு இந்த ஒரு பக்கம் பெரிய செலவல்ல. அது இல்லாததால் போகும் ஆர்டர்தான் பட்டறைக்காரருக்குப் பெரிய செலவு.