சொந்தக் காசில் வாங்கிய போனுக்கு எதற்கு லைசென்ஸ்?

வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் தபாலாபீஸில் லைசென்ஸ் கட்டிய காலம் நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. சைக்கிளுக்கு முனிசிபாலிட்டி வில்லை வாங்கி மாட்டினோம். ரேடியோ லைசென்ஸ் எண்பதுகளில் ஒழிந்தது. 1991க்குப் பிறகு லைசென்ஸ் ராஜ்ஜியமே முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. முடியவில்லை. அரசாங்கத்தின் கையிலிருந்து கம்பெனிகளின் கைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால், உங்கள் பிள்ளைகள் வேலை பார்க்கும் ஆபீஸில் ஒரு மேஜைக்குப் புதிதாக இன்டர்காம் போன் வைக்க என்ன செலவு என்று கேட்டுப் பாருங்கள்.

கணக்கு இப்படிப் போகும். போனுக்கு ஒரு விலை. இணைப்புகள் நிறைந்துவிட்டால், கார்டுகள் செருகும் கூடுதல் பெட்டிக்கு ஒரு விலை. அதன் பெயர் எக்ஸ்பான்ஷன் யூனிட். இதுவரை நியாயம்தான், பொருளுக்குப் பணம். அதற்குப் பிறகு, பல கம்பெனிகளின் சிஸ்டத்தில் அந்தப் போன் பேசுவதற்கு ஒரு லைசென்ஸ், சிலவற்றில் அந்தப் பெட்டி வேலை செய்யவும் ஒரு லைசென்ஸ். லைசென்ஸ் என்பது சில எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு சாவி. போர்டில் இடம் இருக்கிறது, வயர் இழுத்தாயிற்று, போன் மேஜையில் இருக்கிறது. சாவி இல்லை, ஆகவே டயல் டோன் இல்லை. வேறு கம்பெனி போனை மாட்டினால் அதற்கென்று தனி லைசென்ஸ் கேட்கிற சிஸ்டமும் உண்டு.

முன்பு இப்படி இல்லை. 1984 ஆகஸ்டில் சி-டாட் தொடங்கப்பட்டது. சாம் பிட்ரோடாவும் நம் நாட்டு இளம் இன்ஜினியர்களும் சேர்ந்து 128 இணைப்பு எக்ஸ்சேஞ்சை உருவாக்கி, அந்தத் தொழில்நுட்பத்தைப் பல கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் நம்மூர் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்களிலும் உப்புக் கம்பெனிகளிலும் நான் பார்த்த இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிகளில், கார்டைச் செருகி வயரை முடுக்கினால் போன் அடிக்கும். பெட்டிக்காரனிடம் மறுபடி போய் நிற்க வேண்டியதில்லை.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதில் கூடுதல் இடி ஒன்று உண்டு. இந்த லைசென்ஸ்களைப் பெரும்பாலும் மெயின் போர்டின் எண்ணோடோ, அதில் செருகிய ஒரு சின்ன கார்டின் எண்ணோடோ கட்டிவைக்கிறார்கள். நம்மூர் உப்புக் காற்றில் போர்டு எத்தனை வருஷம் தாங்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பீச் ரோட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் ஆபீஸில் ஐப்பசி இடிமழையில் போர்டு போயிற்று. புதுப் போர்டு மூன்றாம் நாள் வந்துவிட்டது. ஆனால் பழைய லைசென்ஸை அதற்கு மாற்றி வாங்க மேலும் ஒன்பது நாள் ஆயிற்று. காசு கட்டி வாங்கிய இருபத்து நான்கு போன்களும் அதுவரை காகிதம் பறக்காமல் வைக்கத்தான் உதவின.

சாவி கொடுக்கிறவன் என்றைக்கும் இருப்பான் என்பதும் நிச்சயமில்லை. 2009 ஜனவரியில் கனடாவின் நார்டெல் திவால் மனு கொடுத்தது. அதன் ஆபீஸ் போன் பிரிவை அவாயா வாங்கியது. அந்த அவாயாவே 2017லும் 2023லும் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கேட்டு கோர்ட்டுக்குப் போனது. பெயர்பெற்ற கம்பெனிகளின் கதையே இதுதான்.

"சாப்ட்வேர் எழுதச் செலவில்லையா? லைசென்ஸ் இருப்பதால்தானே பெட்டியை மலிவாகக் கொடுக்க முடிகிறது, தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளலாமே" என்பார்கள். செலவு உண்டு, மறுக்கவில்லை. பேச்சைப் பதிவு செய்ய வேண்டுமா, வாய்ஸ் மெயில் வேண்டுமா, கால் சென்டர் வசதி வேண்டுமா, தனியாகக் கேளுங்கள், தருகிறோம். ஆனால் போன் என்றால் பேசுவதற்குத்தான். அதற்கே தனிக் காசு என்றால் நாங்கள் வாங்கியது என்ன? மலிவாகக் கொடுத்துக் கட்டிப்போட்டு, பிறகு தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பதற்கு வியாபாரம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் கடற்கரையில் முத்துக் குளித்த காலத்திலும் பங்கு பிடித்தார்கள். அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு, குளியாளிகளுக்கு ஒன்று. கொடுமையான பங்குதான். ஆனாலும் அது கரையில், எல்லார் கண் முன்னாலும், ஒரே தடவை எடுத்த பங்கு. அரசாங்கச் சிப்பியை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். ஏலத்தில் எடுத்தவன் சிப்பியைத் திறக்க மறுபடி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உள்ளே முத்து இருந்தாலும் வெறும் சதை இருந்தாலும் அவனுடையது.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. 1999ல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர், ஆபீஸ் போன் சிஸ்டம் வாங்கக் கையில் காசில்லாமல் தானே ஒன்றை எழுதினார். அதுதான் ஆஸ்டெரிஸ்க். சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடும், போன் எண்ணிக்கைக்கு லைசென்ஸ் கிடையாது. 'சிப்' என்ற பொது முறையில் பேசும் எந்தக் கம்பெனி போனையும் அதில் சேர்க்கலாம். பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், உண்மைதான். அந்தச் சம்பளம் நம்மூர்ப் பையனுக்குப் போகட்டுமே.

அது முடியாதவர்கள், ஆர்டர் கொடுக்கும் முன் நான்கு கேள்விக்காவது எழுத்தில் பதில் வாங்குங்கள். எல்லாப் போனும் எல்லாப் பெட்டியும் பேசுகிற நிலையில் லைசென்ஸோடு மொத்த விலை என்ன? போர்டு போனால் லைசென்ஸை எத்தனை நாளில், காசில்லாமல் மாற்றித் தருவீர்கள்? வேறு கம்பெனி போனை மாட்டலாமா? நீங்கள் இந்த மாடலை நிறுத்திவிட்டால் சாவி யாரிடம் இருக்கும்?

பதில் சொல்லத் தயங்குகிறவனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நாம் கேட்காதவரை அவர்கள் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.