பிரபுவின் தயவில் மூச்சா?

செயற்கைச் சுவாச இயந்திரம் ஒன்றை எவரேனும் வைத்தியசாலைக்கு வழங்கினால் நம்மவர் செய்யும் முதற் காரியம் என்ன? மேடை அமைப்பது, மாலை வாங்குவது, நாதஸ்வரத்துக்கு ஆளனுப்புவது. வள்ளல் என்ற பட்டமும் அன்றே சூட்டப்பட்டுவிடும். பழுதுபட்டால் திருத்துவது யார், இரவு இரண்டு மணிக்கு அதனருகே நிற்பது யார் என்று கேட்பவன் மங்கல காரியத்தில் அபசகுனம் பேசியவனாகிறான். அந்த அபசகுனத்தையே இன்று பேசத் துணிந்தேன்.

வள்ளல்களை நான் இகழ வரவில்லை. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரை ஆதரித்தான். அவர்கள் வகுத்த ஒழுங்கில்தான் பரதம் இன்றும் ஆடப்படுகிறது. அதே மன்னன் தன்வந்திரி மகாலை நடத்திக் கண்நோயாளரின் குறிப்புகளை எழுதிவைக்கவும் செய்தான். ஆயினும் 1855இல் அவன் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததும் கும்பினியார் அந்த அரசையே முடித்துவிட்டனர். கலைஞர் வேறு வாசல் தேடினர். ஆடல் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தும் பிழைத்துக்கொள்ளும். மூச்சு நின்றவன் அடுத்த வள்ளலைத் தேடி எங்கே போவான்?

நமுனுகுல மலைச்சாரலில் நமக்கும் சிற்றரசர்கள் இருந்தார்கள். ஸ்பிரிங்வெளி முதலான தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவும் காமன்கூத்தும் துரையின் உத்தரவோடும் பெரிய கங்காணியின் முன்னிலையிலும் நடந்தன. செக்ரோலில் பிடித்த காசு நம்முடையது, பரிவட்டம் அவர்களுக்கு! தோட்டத்து மருந்தும் அவ்வண்ணமே. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் சிகிச்சையைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியிருந்தும், அதைத் துரையின் தருமமாகவே நம் பாட்டன்மார் பெற்றுக்கொண்டனர்.

சுவாச இயந்திரத்துக்கும் ஒரு பிரபு உண்டு. மோட்டார் வாகனம் செய்து செல்வரான வில்லியம் மொரிஸ், 1938இல் நஃபீல்ட் விஸ்கவுண்ட் ஆனார். ஆஸ்திரேலியரான எட்வர்ட் போத் ஒட்டுப்பலகையால் அமைத்த ‘இரும்பு நுரையீரலை’த் தம் கௌலி தொழிற்சாலையில் செய்வித்து, பிரித்தானியாவிலும் அதன் ஆட்சிப் பரப்பிலும் கேட்ட வைத்தியசாலைகளுக்கெல்லாம் இலவசமாக அளித்தார். இளம்பிள்ளை வாதத்தால் மூச்சுத் தசை செயலிழந்த பலர் அதனால் பிழைத்தனர். பெருங்கொடைதான்; மறுக்கவில்லை. ஆனால் 1952இல் கோபன்ஹேகனில் அந்நோய் பெருகியபோது பிளெக்டாம் வைத்தியசாலையில் அத்தகைய பெட்டி ஒன்றே இருந்தது. பியோர்ன் இப்சன் என்ற வைத்தியர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தச் செய்து, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து அமர்ந்து, இரவு பகலாக அந்தப் பைகளை அழுத்தினார்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேலிருந்த மரணம் படிப்படியாக இருபத்தைந்தளவுக்கு இறங்கியது. ஒரு பெட்டி தரமுடியாததை, ஒழுங்கு செய்யப்பட்ட கைகள் தந்தன!

இது நமக்குத் தூரத்துக் கதையன்று. வெலிமடையில் காய்கறி பயிரிடும் விவசாயிகளும், தோட்டத்தில் மருந்தடிப்பவர்களும் கவனிக்க வேண்டும். பேராதனை வைத்தியர்களான நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் 1987இல் உலகுக்கு ஓர் உண்மையை எடுத்துரைத்தனர். ஓர்கனோபொஸ்பரஸ் பூச்சிகொல்லி நஞ்சு உடலில் சேர்ந்தவன் முதல் ஆபத்தைத் தாண்டி, பிழைத்தான் என்று எல்லோரும் ஆறுதலடைந்த பின்னர், 24 முதல் 96 மணிக்குள் நரம்பும் தசையும் தளர்கின்றன. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிவதில்லை. பிறகு மூச்சு நிற்கிறது. அத்ரோபின் ஊசி அதற்கு உதவாது. ஆனால் இயந்திரத்தால் மூச்சைத் தாங்கினால் சில நாட்களிலோ இரண்டு மூன்று வாரங்களிலோ எழுந்து நடக்கிறான்! கில்லன் பாரே என்னும் நரம்பு நோயிலும் மூச்சு தளர்ந்தால் இதே கதைதான்; அங்கே காத்திருப்பு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீளலாம். இரண்டாம் நாளே லயத்துக்கு அனுப்பப்பட்டவன் மூன்றாம் நாள் இரவில் என்ன செய்வான்?

சட்டம் என்ன சொல்கிறது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சுகாதார உரிமை இல்லை. 27ஆம் உறுப்புரை போதிய வாழ்க்கைத் தரம் பற்றிப் பேசுமிடத்தில் உணவு, உடை, வீடு, ஓய்வு, கலாசார வாய்ப்பு எல்லாம் வருகின்றன. வைத்தியம் என்ற சொல் வரவில்லை. கூத்துப் பார்க்க இடமுண்டு, மூச்சுவிட இடமில்லை போலும்! அதுவும் நீதிமன்றத்தில் வலியுறுத்தத்தக்கதன்று என்று 29ஆம் உறுப்புரை கதவடைக்கிறது.

கொடையைக் கடமையாக்க வழியில்லையா? உண்டு. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய அரசின் உதவியாகவே தொடங்கியது. 2018இல் பாராளுமன்றச் சட்டத்தின் வழியே நிறுவனமாயிற்று. வண்டிக்குச் செய்ததைக் கட்டிலுக்கும் செய்யலாம். பதுளைப் பெரியாஸ்பத்திரியின் சுவாச இயந்திரக் கட்டில்களுக்கும், அவற்றை இயக்கும் தாதியர்க்கும், பழுதுபார்ப்புக்கும் ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு வேண்டும். 1990களில் தொடங்கி இன்னும் முற்றுப்பெறாத தோட்ட வைத்தியசாலைப் பொறுப்பேற்பு, கால எல்லை குறித்து நிறைவேற்றப்பட வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் பதுளை மாவட்ட உறுப்பினர்கள் இவ்விரண்டையும் எழுப்பட்டும். வாக்குக் கேட்டு லயத்து வாசலுக்கு வரும்போது, அமைச்சர் சொன்ன பதிலை ஹன்சார்ட் பிரதியோடு கொண்டுவரட்டும்.