மீண்டும் அளந்தால்தான் ஓட்டம் புலப்படும்

பூமிக்கடியில் எண்ணெய் ஓர் ஏரியைப்போல் தேங்கிக் கிடக்கிறது என்னும் எண்ணம் நம் வகுப்பறைகளினின்று இன்னும் அகலவில்லை. படங்களில் தீட்டப்படும் கருநிறக் குட்டையே இதற்குப் பெருங் காரணம். உண்மையில் எண்ணெய், மணற்கல், சுண்ணாம்புக்கல் முதலிய பாறைகளின் நுண்துளைகளில், பஞ்சில் நீர் நிற்பதுபோல் நிற்கிறது. கிணறு இறக்கியதும் அது முழுவதும் மேலே வந்துவிடுவதில்லை. பெரும்பாலான வயல்களில் பாதிக்கு மேற்பட்ட எண்ணெய் பாறையிலேயே தங்கிவிடுகிறது. வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் நம் நாட்டுக்கு, அவ்வாறு தங்குவது எந்த இடத்தில் என்பது சிறிய வினா அன்று.

கிணறு தான் நிற்கும் இடத்தின் செய்தியை மட்டுமே கூறும். இரு கிணறுகளுக்கு இடையே நடப்பதை அறிய நிலஅதிர்வு அளவாய்வே துணை. ஆயினும் ஒருமுறை செய்யும் அளவாய்வு பாறையின் வடிவத்தைக் காட்டுமேயன்றி அதனுள் நிகழும் ஓட்டத்தைக் காட்டாது. அதே இடத்தில், அதே முறையில், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அளந்து, முன்னதைப் பின்னதிலிருந்து கழித்துப் பார்த்தால், மாறாத பாறை மறைந்துவிடும். மாறிய திரவம் எஞ்சி நிற்கும்.

எண்ணெய் இருந்த துளையில் நீர் புகுந்தால் பாறையினூடே ஒலி சற்று விரைந்து செல்லும். வாயு புகுந்தால் விரைவு சட்டெனக் குறைந்துவிடும். ஆசிரியர்கள் இதனை ஒரு குவளையைக்கொண்டே காட்டலாம். சுடுநீரில் உடனடிக் காப்பித்தூளை இட்டுக் கலக்கி, குவளையின் அடியில் கரண்டியால் விடாது தட்டுக. முதலில் ஒலி தாழ்ந்து கேட்கும். நுண்குமிழிகள் வெளியேற வெளியேற அது படிப்படியாக உயரும். நீர் முழுவதையும் ஒலிக்கு மெதுவான வழியாக்கச் சிறிதளவு வாயுவே போதும் என்பதை மாணவர் காதாலேயே உணர்வர். ஆனால் இதிலேயே ஓர் இடர்ப்பாடும் உண்டு. பாறையில் சிறிது வாயு இருப்பினும் மிகுதியாக இருப்பினும் விரைவு ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குறைவதால், வாயு இருக்கிறது என்று சொல்வது எளிது, எவ்வளவு என்று சொல்வது அரிது.

வட கடலில் நார்வே நாட்டினர் பெற்ற அனுபவம் இங்குக் கருதத்தக்கது. ஸ்லைப்னர் வயலில் இயற்கை வாயுவிலிருந்து பிரித்த கரியமிலவாயுவை, 1996 முதல், ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் வீதம் உட்சிரா என்னும் மணற்கல்லில் செலுத்தினர். 1994 இல் எடுத்த அளவாய்வை 1999 இல் எடுத்ததோடு ஒப்பிட்டபோது, அவ்வாயு இடையிலிருந்த மெல்லிய களிப்பாறைகளைக் கடந்து மூன்றே ஆண்டுகளில் மணற்கல்லின் உச்சியை எட்டி, ஒன்பது தளங்களாகப் பரவியிருந்தது தெரிந்தது. கிணறுகளை மட்டும் நம்பியிருந்தால் இது எவ்வாறு புலப்பட்டிருக்கும்?

கல்ஃபாக்ஸ் எண்ணெய் வயலின் கதை எனக்கு இதனினும் முக்கியமாகத் தோன்றுகிறது. அங்கு எண்ணெய் எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே, 1985 இல், அளவாய்வு ஒன்று செய்யப்பட்டது. ஒப்பீடு என்னும் நோக்கம் அன்று எவருக்கும் இல்லை. எனினும் 1990களில் மீள் அளவாய்வு செய்தபோது அந்தப் பழைய பதிவே அடிப்படையாயிற்று. நீர் எட்டாது விட்டுச்சென்ற எண்ணெய்த் திட்டுகளைக் கண்டு, அவற்றை நோக்கிப் புதிய கிணறுகள் இறக்கப்பட்டன.

ஆகவே, முதல் அளவாய்வைச் செய்வோர் அது மீண்டும் செய்யப்படும் என்று கருதியே செய்யவேண்டும் என்பது என் கருத்து. தேடுகின்ற வேறுபாடு சில மில்லிசெக்கண்டு அளவே. வெடிகுழியின் இடமோ, ஆழமோ, ஜியோபோனின் நிலையோ சற்று மாறினும் அவ்வேறுபாடு இரைச்சலில் மூழ்கிவிடும். மழைக்காலத்தில் ஊறிய கரிசல் மண்ணும், கோடையில் வெடித்த கரிசல் மண்ணும் அலைக்கு ஒரே மண் அல்ல. குஜராத்தில் பணிபுரிவோருக்கு இதனை எடுத்துரைக்க வேண்டியதில்லை. எந்த மாதம், நிலம் ஈரமா உலர்ந்ததா, எந்தப் புள்ளி வாய்க்காலுக்காகவோ வீட்டுக்காகவோ விலக்கப்பட்டது என்பனவற்றை அன்றன்றே பதிவேட்டில் எழுதுவது வீண்வேலை என்று சிலர் எண்ணுகின்றனர். இருபது ஆண்டுகள் கழித்து அதே கோட்டில் நிற்கப்போகும் குழுவுக்கு அப்பதிவேட்டைத் தவிர வேறு வழிகாட்டி இல்லை. செலவு மிகுதி என்னும் மறுப்பும் எழுவதுண்டு. கடலில் தவறான இடத்தில் இறக்கப்படும் ஒரு கிணற்றின் செலவையும் அதே தராசில் வைத்துப் பார்க்கவேண்டும்.

எல்லா வயல்களும் இம்முறைக்கு ஒன்றுபோல் இசைந்துவிடா. தளர்ந்த மணற்கல்லில் மாற்றம் தெளிவாகத் தெரியும். 1974 இல் கண்டறியப்பட்ட மும்பை ஹை வயலின் எண்ணெய் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லில் உள்ளது. அத்தகைய கடினப் பாறையில் திரவம் மாறினாலும் ஒலியின் விரைவு சிறிதே மாறும். நீரைச் செலுத்தும்போது அழுத்தமும் உயர்கிறது. நீர் விரைவைக் கூட்ட, உயர்ந்த அழுத்தம் அதனைக் குறைக்க, இரண்டும் ஒன்றையொன்று மறைத்து, ஒன்றுமே நிகழாததுபோல் காட்டவும் கூடும். அத்தகைய வயலில் முதலில் பாறைத் துண்டுகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, எதிர்பார்க்கும் மாற்றம் கருவிக்கு எட்டுமா என்று கணக்கிட்டு, எட்டுமெனில் மட்டுமே கப்பலை அனுப்புதல் தகும்.