ஆடு போன பிறகு முகாம் எதற்கு?

எங்கள் சுரண்டைப் பக்கம் ஆடுகள் மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிந்து சாகும்போது, "சீக்கு விழுந்துட்டு, நம்ம நேரம்" என்பார்கள். நேரமும் இல்லை, சாமி குத்தமும் இல்லை. அது ஆட்டுக்கொல்லி நோய், ஒரு வைரஸ்.

இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டதே நம் தமிழ்நாட்டில்தான். 1987-இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அந்தக் கிருமியை வைத்தே நம் கால்நடைப் பல்கலைக்கழகம் தடுப்பூசியும் செய்தது. ஒரு தடவை போட்டால் மூன்று வருஷத்துக்குக் காப்பு.

பிறகு ஏன் சாகிறது? நான் பார்த்த முகாம்கள் காலை பத்து மணிக்கு ஊருக்குள் நடந்தன. கிடை ஆடு அதற்குள் மேய்ச்சலுக்குப் போய்விடும். வந்தது வீட்டில் கட்டிப்போட்ட நாலு வெள்ளாடுதான். விடியுமுன் கிடைக்கே ஊசி போனால் என்ன?

ஆட்டுக்காரரையும் விட மாட்டேன். நோய்கண்ட ஆட்டைச் சந்தையில் தள்ளிவிடுவது அடுத்தவன் கிடைக்கு எமனை அனுப்புவதுதான்.

இதே குடும்பத்து வைரஸால் வந்த மாட்டு வெக்கையை 2011-இல் உலகை விட்டே ஒழித்தாயிற்று. ஆட்டுக்கொல்லியை ஒழிக்க உலக அமைப்புகள் வைத்த கெடு 2030. மாட்டுக்கு முடிந்தது ஆட்டுக்கு முடியாதா? ஏழையின் சொத்து என்பதால்தான் இந்த அலட்சியமா?