அப்பளத்தை நிமிர்த்துவது எப்படி?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஓடாத கடிகாரத்திலிருந்து மூணு கால் நாற்காலி வரை எல்லாம் கிடைக்கும். ஒரே சிக்கல், அது வெள்ளிக்கிழமை. அதனால்தான் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை ஆபீஸ் ஆசாமிகளுக்கு அன்று காலையில் திடீர் ஜுரம் வருகிறது. மத்தியானம் ஜுரம் விட்டு, ஒரு பழைய வால்வு ரேடியோப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள்.

பெட்டி பாடாது. அதனால் என்ன, ஆசைப்பட்டது மரத்துக்கு! ஆனால் மேல்பலகையில் தோல் உரிந்து, அடியில் சாதாப் பலகை பல்லிளிக்கும். "நல்லா ஏமாத்திட்டான்" என்று வீட்டில் தீர்ப்பாகிவிடும்.

ஏமாற்றவில்லை. அந்தத் தோலுக்குப் பெயர் வினீர். நல்ல மரத்தைக் கத்தியால் சீவி எடுப்பது. சுமார் அரை மில்லிமீட்டர் கனம். ஒரு அங்குலப் பலகைக்கு ஆகிற மரத்தில் ஏறக்குறைய 50 தாள் தேறும். ரம்பம் போடாததால் தூளாகிற நஷ்டமும் இல்லை. பி.காம். படித்தவனுக்கு இதைவிட இனிப்பான கணக்கு உண்டா? ஈட்டி மரத்தைக் காப்பாற்ற 1994-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அப்படிப்பட்ட மரத்தை 50 வீட்டுக்குப் பங்கு வைப்பது ஏமாற்று வேலை அல்ல, சிக்கனம். எகிப்தில் 1922-ல் திறந்த டூட்டன்காமன் கல்லறையிலேயே கருங்காலியும் தந்தமும் இப்படி மெல்லிசாக ஒட்டிய சாமான்கள் இருந்தன. ராஜா வீட்டிலேயே வினீர்தான் ஸார்!

சரி, புதுத் தாள் வாங்கி நாமே ஒட்டலாம் என்று இறங்குகிறோம். மாடிப்படிக்கு அடியில் ஸ்கூட்டரை நகர்த்திவிட்டால் பட்டறை ரெடி. நேர்க்கோட்டு ரேகை உள்ள தாள் சமர்த்தாகப் படுத்திருக்கும். மேகம் மாதிரி சுழிசுழியாக அழகாயிருக்கிற தாளோ, பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நிற்கும். அமுக்கினால் 'படக்'. காசும் போச்சு, அழகும் போச்சு.

ஏன் நெளிகிறது? காய்கிற மரம் ரேகைக்குக் குறுக்கே நன்றாகச் சுருங்கும். நீளவாக்கில் சுருங்குவது சொற்பம். சுழி விழுந்த தாளில் ரேகை நாலா திசையிலும் ஓடுகிறது. இடத்துக்கு இடம் வேறு திசையில் சுருங்கினால் நெளியாமல் என்ன செய்யும்? அழகும் கோணலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்றால் நடக்காது.

வைத்தியம் அப்பளத்திடமே இருக்கிறது. மொறுமொறு அப்பளம் உடையும். நமுத்த அப்பளம் வளையும். ஆகவே தாளை நமுக்க வைக்க வேண்டும். பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு கிளிசரின் (மருந்துக் கடையில் கிடைக்கும்) கலந்து இரண்டு பக்கமும் தெளியுங்கள். தாள் துவண்டதும் அச்சடிக்காத வெள்ளைக் காகிதங்களுக்கு நடுவே வைத்து, மேலும் கீழும் பிளைவுட் கொடுத்துப் பாரம் ஏற்றுங்கள். நியூஸ் பேப்பர் வேண்டாம், தலைப்புச் செய்தி மரத்தில் பதிந்துவிடும். பாரத்துக்கு அம்மிக்கல், 25 கிலோ அரிசி மூட்டை, எது வசதியோ அது. முதல் நாள் சில மணிக்கு ஒரு தரம் காகிதத்தை மாற்றுங்கள். அப்புறம் தினம் ஒரு தரம். மூன்று நான்கு நாளில் சப்பையாகக் காய்ந்திருக்கும். எடுத்ததும் ஒட்டிவிட வேண்டும். சும்மா விட்டால் மறுபடி பழைய புத்தி வந்துவிடும்.

வெள்ளை ஃபெவிகாலைப் பலகையில் சீராகத் தடவுங்கள். தாளில் தடவினால் ஈரம் பட்டு உடனே சுருண்டுகொள்ளும். சுழித் தாளில் பொடி ஓட்டைகள் இருக்கும். அதன் வழியே பசை கசிந்து பாரப் பலகையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளாமல், நடுவில் பாலிதீன் விரிப்பு அவசியம். ராத்திரி பூராவும் இறுக்கி வையுங்கள். காலையில் எங்காவது கொப்புளம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ரேகையோடு பிளேடால் கீறி, ஊசி ஸிரிஞ்சில் பசை ஏற்றி, திரும்ப அமுக்கினால் போதும்.

அவசரக்காரர்கள் நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் போகாமலே ஒட்டிவிடுவார்கள். அப்போது ஊதியிருக்கிற தாள், கத்திரி வெயிலில் சுருங்கும்போது விரிசல் விடும். ஆறு மாசம் கழித்து வருகிற ஆடிட் அப்ஜெக்‌ஷன் மாதிரி!

கடைசியாக ஒன்று. மேல்பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் பசை காயும்போது அந்தப் பக்கமே பலகையை இழுத்து வளைத்துவிடும். அடிப்பக்கமும் ஒரு தாள் ஒட்ட வேண்டும். மலிவான சாதாத் தாள் போதும். டெபிட் எழுதினால் கிரெடிட்டும் எழுதித்தானே ஆகணும்? பெட்டியின் அடிப்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. பாராட்டெல்லாம் மேலே உள்ள சுழிக்குத்தான். ஆனால் அது நிமிர்ந்து நிற்பது, கீழே பேரே தெரியாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிற சாதாத் தாளால்.

ஆபீஸில் ஹெட் கிளார்க் பார்த்தவர்களுக்கு இது புரியும்.