கட்டணமா? பேருந்து எங்கே?

தோழரே! நகர நடுவில் நுழையும் காருக்குக் கட்டணம் என்றதும், "இனிச் சாலையும் சீமான்களுக்குத்தானா?" என்று சினந்து கேட்கிறீர். நியாயமான சினந்தான். ஆயினும் இலண்டன் மாநகரைச் சற்றே நோக்குவீர்!

கென் லிவிங்ஸ்டன், இடதுசாரி. தொழிற்கட்சி வேட்பாளராகும் வாய்ப்பை இழந்து, தனித்து நின்று 2000-இல் மேயரானவர். 2003 பிப்ரவரி 17 அன்று அவர் விதித்தார் நாளொன்றுக்கு 5 பவுன் கட்டணம். அடுத்த ஆண்டே தேர்தல்! வீழ்வார் என்றனர் ஏட்டினர். வென்றார், அதுவும், விலக்கி வைத்த கட்சியே அழைத்து வேட்பாளராக்கிட!

காரணம் என்ன? கட்டணம் வந்தபோதே ஏறத்தாழ 300 பேருந்துகள் கூடுதலாக வந்தன. நிகர வருவாய் போக்குவரத்துக்கே என்றது சட்டம். காலையில் அங்கு வேலைக்கு வந்தோருள் காரோட்டி வந்தோர் சிறு கூட்டமே. இரயிலிலும் பேருந்திலும் நெருக்கியடித்து வந்தோரே பெருங்கூட்டம். அவர்கள் பக்கம் நின்றது அந்தக் கட்டணம்.

குறையை மறைப்பானேன்? கோடீசுவரனுக்கும் 5 பவுன். கருவிமூட்டையோடு வண்டியில் வரும் குழாய்த் தொழிலாளிக்கும் அதே 5 பவுன்! 2020-இல் அது 15 ஆயிற்று. சீமானுக்கு அது சில்லறை. தொழிலாளிக்கோ அன்றைய கூலியில் ஒரு பங்கு. மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவன் பேருந்தில் ஏறவும் இயலாது.