முடித்தவர் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள்

பள்ளியில் இடைநின்றவர்களுக்கு ஒரு தொழிலையும் ஒரு சான்றிதழையும் கொடுப்பதற்காக வந்தவை சமுதாயக் கல்லூரிகள். இந்தியாவில் 1995-இல் புதுச்சேரியில் தொடங்கின. சென்ற ஆண்டு, சேரியை ஒட்டி நடக்கும் அப்படியொரு கல்லூரிக்காக ஒரு பெருநிறுவன அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுத உதவினேன்.

சொந்தக் கட்டடம் உண்டா? மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை உண்டா? சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தவர் எத்தனை விழுக்காடு, வேலை பெற்றவர் எத்தனை விழுக்காடு? இவைதான் கேள்விகள். படிக்க வருபவர்கள் யார் என்று ஒரு கேள்விகூட இல்லை. 'முடிப்போர் விழுக்காடு குறைவு' என்று விண்ணப்பம் திரும்பி வந்தது.

அந்தக் குறைவு யாருடையது? நோயாளர் பராமரிப்பு படித்த ஒரு பெண், அப்பாவின் கடனுக்காக நடுவில் மில் வேலைக்குப் போனாள். படிப்பை முடித்த ஒரு பையனை, எந்தத் தெரு என்று கேட்டதும் வேலை இல்லை என்று அனுப்பினார்கள். முதலாளி காட்டிய தீண்டாமை, கல்லூரியின் தோல்விக் கணக்கில் ஏறிவிட்டது.

இது தனிப்பட்ட கொடையாளரின் மனக்கோணல் மட்டுமல்ல. 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் அதே பிரிவு சொல்கிறது. ஆலையே இல்லாத ஊருக்கு அந்த முன்னுரிமையால் என்ன பயன்? வெளி அமைப்பு வழியாகச் செலவிட்டால், அந்த அமைப்புக்கு வருமானவரிப் பதிவுகளோடு மூன்றாண்டு அனுபவமும் இருக்க வேண்டும். மூன்றாண்டு நடத்திக் காட்ட மூன்றாண்டுக்குப் பணம் வேண்டாமா? நிலமும் ஆடிட்டரும் பரம்பரையாக உள்ளவர்களிடம்தான் அது இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் இயக்குநர் குழுவிலோ சாதிவாரி இடஒதுக்கீடு கிடையாது.

இடஒதுக்கீட்டுக்கு எதிராக 'தகுதி, திறமை' என்று நம்மிடம் சொன்னவர்கள், இப்போது 'செயல்திறன்' என்கிறார்கள். சொல்தான் மாறியிருக்கிறது.

பணம் கொடுப்பவர் கணக்குக் கேட்கக் கூடாதா? தாராளமாகக் கேட்கட்டும். ஆனால் எட்டாம் வகுப்போடு நின்றவரையும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரையும் ஒரே கோலால் அளக்கக் கூடாது. சேர்ந்தவர், நின்றவர், வேலை மறுக்கப்பட்டவர் என்று சாதிவாரியாகக் கேட்கட்டும். பேருந்துக் கட்டணத்தையும் படிக்கும் மாதங்களுக்கான உதவித்தொகையையும் செலவுக் கணக்கில் சேர்க்கட்டும். தேர்வுக் குழுவில் தலித்துகளும் பழங்குடியினரும் உட்காரட்டும். சட்டம் செலவிடச் சொல்லும் பணம் இது, யாருடைய தர்மமும் அல்ல. இதைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவவும் விடக் கூடாது.

நிராகரிப்புக் கடிதம் வந்த அன்று அந்தக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அடுத்த வருஷம் நேர்காணல் வச்சு, கடைசி வரைக்கும் படிக்கிற பிள்ளைங்களா பார்த்துச் சேர்த்துக்கலாமா?"

அப்படிச் சேர்த்தால் நிதி கிடைக்கக்கூடும். மில்லுக்குப் போன அந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்குத்தான் அங்கே இடம் இருக்காது.